தாத்தாவின் முக்தியாரும் நைனாவின் பவரும்

ரெண்டு வாரமா பதிவு எதுவும் போடலை. கடலைக்குக் களை எடுக்கிற வேலை ஒரு பக்கம், வீட்டுக்கு வெள்ளை அடிக்கிற வேலை இன்னொரு பக்கம். வெள்ளை அடிக்கப் பரணை ஒழிச்சப்போ தாத்தா காலத்துத் தகரப் பெட்டி ஒண்ணு இறங்கியது. எலி கடிச்ச ரசீதுகளுக்கு நடுவுல ரெண்டு பத்திரம் பத்திரமா இருந்தது.

ஒண்ணு 1961-ல தாத்தா எழுதிக் கொடுத்தது. தெலுங்கு எழுத்து. மேலே 'முக்தியார்'னு இருக்குன்னு படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார். இன்னொண்ணு 2015-ல எங்க நைனா கொடுத்தது. போட்டோ, பத்து விரல் ரேகை எல்லாம் வெச்ச புதுக்காலத்துப் பொது அதிகாரப் பத்திரம். (எங்க பக்கம் நிறைய வீட்டுல அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லையில இருக்கிறதால வந்த பழக்கம்.)

அந்தக் காலத்து முக்தியாரும் இந்தக் காலத்துப் பவரும் ஒண்ணுதான். என் சார்பா நீ போய்க் கையெழுத்து போடுன்னு ஒருத்தருக்கு எழுதிக் கொடுக்கிறது. தாத்தா கொடுத்ததால ஒரு நிலம் போச்சு. நைனா கொடுத்தது வேண்டிய நேரத்துல உதவலை. ரெண்டுக்கும் காரணம் 1872-ல எழுதின ஒரே ஒரு சட்டப் பிரிவு. அந்தக் கதையை எழுதி வெச்சா யாராவது நாலு பேருக்குப் பயன்படும்னுதான் இந்தப் பதிவு.

கோடு மாறின ஊரு

திருத்தணின்னா மலையும் முருகனும் 365 படியும் எல்லாருக்கும் தெரியும். இந்த ஊர் எத்தனை கை மாறியதுன்னு நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் இது கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. வட ஆற்காடு மாவட்டத்துல இருந்தது. 1911 ஏப்ரல் 1-ஆம் தேதி சித்தூர் மாவட்டம் உருவானபோது அதுக்குள்ள போச்சு. 1953 அக்டோபர் 1-ல ஆந்திரா தனி மாநிலமானதும், சித்தூர் மாவட்டத்தோட சேர்ந்து நாமும் ஆந்திராக்காரங்க ஆயிட்டோம். ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்றவங்க நடத்தின எல்லைப் போராட்டம் அந்தச் சமயத்துலதான். அப்புறம் படாஸ்கர் சொன்ன யோசனைப்படி 1959-ல சட்டம் போட்டு, 1960 ஏப்ரல் 1-ல திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. முதல்ல செங்கல்பட்டு மாவட்டம், 1997-லிருந்து திருவள்ளூர் மாவட்டம்.

இதை வரலாற்றுப் புத்தகத்துல ரெண்டு வரியில முடிச்சிடுவாங்க. நிலம் வெச்சிருந்தவனுக்கு அது அப்படி முடியலை. எங்க தாத்தாவுக்கு ஊர்ல ரெண்டு ஏக்கர், நகரி பக்கம் ஒரு ஏக்கர் இருபது சென்ட். 1960 வரைக்கும் ரெண்டும் ஒரே மாவட்டம். மறுநாள் காலையில ஒண்ணு சென்னை மாநிலத்துல, ஒண்ணு ஆந்திராவுல. கிஸ்தி கட்ட, கடன் வாங்க, பத்திரம் பார்க்க எல்லாத்துக்கும் ரெண்டு பக்கம் நடக்கணும். அதனால அந்தப் பக்கமே குடியிருந்த தன் மச்சானுக்கு, தாத்தா முக்தியார் எழுதிக் கொடுத்தார். பயிர் வைக்கலாம், கிஸ்தி கட்டலாம், தேவைப்பட்டா விற்கவும் செய்யலாம். நம்பிக்கையான ஆள்தான். வருஷா வருஷம் நெல் மூட்டை வண்டியில வந்துக்கிட்டுத்தான் இருந்தது.

நான் சின்னப் பையனா இருந்தப்போ தாத்தாவுக்கு மறதி வந்தது. ஏர் ஓட்டப் போனவர் அடுத்தவன் வயல்ல போய் நிப்பார். என்னை என் நைனா பேர் சொல்லிக் கூப்பிடுவார். 'வயசாயிடுச்சு'ன்னு சொன்னாங்களே தவிர, அதை யாரும் நோயா நினைக்கலை. டாக்டர்கிட்ட காட்டலை. 1970-ல அந்த மச்சான் முக்தியாரைக் காட்டி நகரி நிலத்தை வித்துட்டார். அந்த வருஷம் நெல் வரலை, நைனா போய்ப் பார்த்தப்போ வேற யாரோ அண்டை வெட்டிக்கிட்டிருந்தாங்க.

நைனா ஒரு வக்கீலைப் பார்த்தார். அவர் சொன்னதை நைனா சாகிறவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார்: "முக்தியார் கொடுத்தவருக்கு எப்போ புத்தி கலங்கியதோ அப்பவே அந்த முக்தியார் செல்லாது. ஆனா வாங்கினவனுக்கு அது தெரியும்னு நீங்க நிரூபிக்கணும்." ஊரே பார்த்த மறதி. ஆனா ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கேஸ் போடாம திரும்பி வந்துட்டார்.

கொடுத்தவர் கையை ஒட்டின கை

அந்த வக்கீல் சொன்னது 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதுல 201-வது பிரிவு, யார் சார்பா ஏஜென்ட் வேலை செய்யறாரோ அவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிஞ்சு போகும்னு சொல்லுது. 208-வது பிரிவு, முடிஞ்சு போன விஷயம் வெளி ஆளுக்குத் தெரியுற வரைக்கும் அவரைக் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லுது. நகரி நிலம் போனது இந்த ரெண்டுக்கும் நடுவுலதான்.

இது இங்கிலாந்துச் சட்டத்துல இருந்து வந்தது. அங்க வியாபாரிங்களுக்காக உருவான யோசனை. ஏஜென்டுங்கிறவன் முதலாளியோட நீட்டின கை. முதலாளியே செய்ய முடியாததைக் கை மட்டும் எப்படிச் செய்யும்? கப்பல்ல சரக்கு அனுப்புறவனுக்கு அது சரியா இருக்கலாம். பத்து வருஷம் படுக்கையில கிடக்கிற கிழவரை வெச்சுக்கிட்டு இருக்கிற குடும்பத்துக்கு? பவர் எதுக்காகக் கொடுக்கிறோமோ, அந்த நேரம் வந்ததுமே அது செத்துப் போகுது. 1882-ல பவர் பத்திரத்துக்குன்னே தனிச் சட்டம் வந்தது. சின்னச் சட்டம். அதுவும் இதை மாத்தலை.

அப்போ புத்தி சுவாதீனம் இல்லாதவங்க சொத்தை வெள்ளைக்காரன் கண்டுக்கவே இல்லையான்னு கேட்டா, கண்டுக்கிட்டான். ஜமீன்தாருங்களுக்கு. 1804-லேயே சென்னை மாகாணத்துல 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' சட்டம் வந்தாச்சு. வாரிசு மைனரா இருந்தாலோ, ஜமீன்தாருக்குப் புத்தி சரியில்லைன்னாலோ, ஜமீனை சர்க்காரே எடுத்து நிர்வாகம் பண்ணும். பேஷ்குஷ் பணம் தவறாம வரணுமே! 1902-ல அதைப் புதுச் சட்டமாவே போட்டாங்க.

மத்தவங்களுக்கு 1858-ல ஒரு சட்டம் வந்தது. மாவட்ட நீதிமன்றத்துல மனு போட்டு, விசாரணை நடத்தி, சொத்துக்கு ஒரு மேலாளரை நியமிக்கலாம். 1912 சட்டத்துலயும் அது இருந்தது, 1987 சட்டத்துலயும் இருந்தது. ரெண்டு ஏக்கர் வெச்சிருக்கிறவன் ஜில்லா கோர்ட் படியேற நிலத்துல பாதியை விக்கணும்ங்கிறது வேற விஷயம். வழின்னு ஒண்ணு இருந்தது. 2017-ல மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தப்போ 1987 சட்டத்தை எடுத்துட்டாங்க. புதுச் சட்டம் சிகிச்சை விஷயத்துல ரொம்ப நல்ல சட்டம். எனக்கு மனநோய் வந்தா இப்படி வைத்தியம் பாருங்க, என் சார்பா இவர் முடிவெடுக்கட்டும்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ஆனா சொத்தை யார் பார்க்கிறதுங்கிற பகுதி அதுல இல்லை. 1999-ல வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல காப்பாளர் நியமிக்கலாம், ஆனா அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம் மாதிரி சில குறைபாடுகளுக்குத்தான். மறதி நோய் வந்த கிழவருக்கோ, கோமாவுல கிடக்கிறவருக்கோ பொருந்தாது.

நமக்கு இந்தச் சட்டத்தைக் கொடுத்த இங்கிலாந்துக்காரன் 1985-லேயே தன் ஊருல மாத்திக்கிட்டான். புத்தி கலங்கினாலும் செல்லுபடியாகிற பவரை அங்க எழுதலாம். சிங்கப்பூர்லயும் 2008-ல சட்டம் போட்டு அதைக் கொண்டு வந்துட்டாங்க. நாம இன்னும் 1872-லதான் இருக்கோம்.

நைனாவின் பவர்

தாத்தா விஷயத்துல பட்டதால, நைனா உஷாரா இருக்கணும்னு நினைச்சார். அவர் கரும்பு வித்த காசுல தன் பேருல வாங்கின ஒண்ணரை ஏக்கர் இருந்தது. முழுக்க சுயார்ஜிதம். 2015-ல அண்ணனுக்கு அதை விக்கிற அதிகாரத்தோட பவர் எழுதிக் கொடுத்தார். "நாளைக்கு நான் படுத்துட்டா ஆஸ்பத்திரி செலவுக்கு நீ வித்துக்கடா"ன்னு என் எதிர்லயே சொன்னார். முறைப்படி பதிவும் பண்ணினோம். தமிழ்நாட்டுல 2012 கடைசியில இருந்து நிலம் சம்பந்தப்பட்ட பவரைப் பதிவு பண்ணியே ஆகணும்.

டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கு நைனா வருஷம் தவறாம மலை ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் சூடம் ஏத்திப் பாடிக்கிட்டுப் போற கூட்டத்தோட போவார். 2017-ல பாதி தூரம் ஏறினதும் நின்னுட்டு, "நாம எங்கடா போறோம்?"னு கேட்டார். கூட்டத்துல வழி தவறிடுச்சுன்னு நினைச்சேன். அடுத்த வருஷம் வாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கிச்சு. அதுக்கப்புறம் அம்மா பேரே அவருக்கு ஞாபகம் வரலை.

2019-ல ஆஸ்பத்திரிக் கடன் தலைக்கு மேல போச்சு. நைனா சொன்ன மாதிரியே நிலத்தை விக்கப் போனோம். வாங்கறவரோட வக்கீல் நல்ல மனுஷன். நேரா வீட்டுக்கே வந்தார். நைனா கட்டில் பக்கத்துல உட்கார்ந்து, "ஐயா, உங்க பேர் என்ன? இன்னைக்கு என்ன கிழமை?"ன்னு கேட்டார். நைனா அவரைப் பார்த்துச் சிரிச்சார். வக்கீல் எழுந்து வெளியே வந்து அண்ணன்கிட்ட, "இந்தப் பவர் முடிஞ்சு போச்சுங்க. இதை வெச்சு நான் வாங்கச் சொல்ல மாட்டேன்"னார்.

அப்புறம் ஒரு புரோக்கர் வந்தார். "இதெல்லாம் ஒரு விஷயமா? பவர் கொடுத்தவர் உயிரோட இருக்கார்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கினா போதும். புத்தி இருக்கான்னு யாரு கேக்கப் போறா? வேற பார்ட்டி நான் கொண்டு வர்றேன்." அதுவும் சரிப்படலைன்னா, நைனாவையே கார்ல தூக்கிட்டுப் போய் ரேகை வெச்சுடலாம்னார்.

உண்மையைச் சொல்றேன், அன்னைக்கு ராத்திரி எனக்கும் அண்ணனுக்கும் தூக்கமில்லை. நைனாவே விக்கச் சொன்னதுதானே? அவர் வைத்தியத்துக்குத்தானே? யாருக்கும் துரோகம் இல்லையேன்னு எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிட்டோம். விடிகாலையில பால் கறந்துட்டு வந்த அம்மா, "உங்க தாத்தா நிலத்தை அந்த மாமன் எப்படி வித்தான்? இப்படித்தானேடா வித்தான்? அவன் மேல நாப்பது வருஷம் கோவம் வெச்சிருந்த மனுஷன் கைய பிடிச்சா ரேகை வெக்கப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. அண்ணன் புரோக்கருக்குப் போன் பண்ணி வேண்டாம்னுட்டார்.

அம்மா நகையும் ரெண்டு மாடும் போச்சு. தங்கச்சி தன் பங்குக்குக் கடன் வாங்கினா. 2021-ல நைனா போயிட்டார். அவர் பேர்ல நிலம் அப்படியே இருந்தது. வாரிசு சான்றிதழ் வாங்கி, அம்மா, அண்ணன், நான், தங்கச்சி நாலு பேர் பேருக்கும் பட்டா மாத்தினோம். நைனாவோட வைத்தியத்துக்குன்னு அவரே ஒதுக்கி வெச்ச நிலம், அவர் வைத்தியத்துக்கு ஒரு ரூபா உதவலை.

அப்பவே உயர் நீதிமன்றம் போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. போகலாம்னு எங்களுக்குத் தெரியாது. 2019-ல கேரள உயர் நீதிமன்றம், கோமாவுல இருக்கிறவங்களுக்குக் காப்பாளர் நியமிக்க வழிமுறை சொன்னது. சென்னை உயர் நீதிமன்றத்துல 2024 மே மாசம் இப்படி ஒரு வழக்கு வந்தது. கணவர் கோமாவுல, மனைவி தன்னைக் காப்பாளரா நியமிச்சு சொத்தை விக்க அனுமதி கேட்டாங்க. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிட்டார். மேல்முறையீட்டுல நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு அந்த அம்மாவுக்கு அனுமதி கொடுத்தது. 50 லட்ச ரூபாயைக் கணவர் பேர்ல வைப்புத்தொகையா போடணும்னு நிபந்தனை. சட்டத்துல வழி இல்லாத இடத்துல நீதிமன்றமே வழி பண்ணிக் கொடுக்குது. நல்லதுதான். ஆனா ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுக்கிட்டே கோர்ட்டுக்கும் ஓட வேண்டியிருக்கு.

நான் என்ன பண்ணினேன்

எனக்கு இப்ப 61. தாத்தாவுக்கு வந்தது, நைனாவுக்கு வந்தது, எனக்கும் வரலாம். பெட்டியைப் பார்த்த அன்னைக்கே முடிவு பண்ணி, தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து பேசினேன்.

அவர் சொன்ன முதல் விஷயம்: பவரை நம்பி எதையும் விடாதீங்க. ஊருக்குப் போறப்போ, உடம்பு முடியாதப்போ, நீங்க தெளிவா இருக்கிற வரைக்கும் அது உதவும். அதுக்கு மேல கிடையாது. இன்னொண்ணு, பவர் வெச்சிருக்கிறது சொந்தக்காரன் ஆகிறது இல்லை. பவரை மட்டும் வாங்கிக்கிட்டு நிலம் வாங்கினதா நினைக்கிறது செல்லாதுன்னு 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

ரெண்டாவது: உயில் நாம போன பிறகுதான் பேசும். படுத்துக் கிடக்கிறப்போ பேசாது. ஆனா கட்டாயம் எழுதணும். ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போட்டா போதும். பதிவு கட்டாயமில்லை, பண்ணினா நல்லது.

மூணாவது: வைத்தியத்துக்குன்னு ஒதுக்கற சொத்து, நம்ம கையெழுத்து இல்லாமலே விக்கிற நிலையில இருக்கணும். அதனால ஒரு ஏக்கரை என் வீட்டுக்காரி பேருக்குத் தான செட்டில்மெண்ட் பண்ணிட்டேன். நாளைக்கு எனக்கு ஏதாவதுன்னா அவ கையெழுத்து ஒண்ணு போதும். என் சாப்பாடு, வைத்தியம் எல்லாம் பார்த்துக்கணும்னு பத்திரத்துலயே நிபந்தனை எழுதியிருக்கோம். 2007-ல வந்த முதியோர் பராமரிப்புச் சட்டத்துல 23-வது பிரிவு இருக்கு. 60 வயசு ஆனவங்க இந்த மாதிரி நிபந்தனையோட கொடுத்த சொத்தை வாங்கினவங்க, சொன்னபடி பார்த்துக்கலைன்னா அந்தப் பத்திரத்தைச் செல்லாதுன்னு அறிவிக்கக் கேக்கலாம். வாய்ச்சொல்லா விட்டா அப்புறம் வாதாடிக்கிட்டுக் கிடக்கணும். எழுதிட்டா நிம்மதி.

இதுல ஒரு கஷ்டமும் இருக்கு. கொடுத்தா கொடுத்ததுதான், நினைச்சப்போ திரும்ப வாங்க முடியாது. அதனால எல்லாத்தையும் கொடுக்கலை. வீடும் மீதி நிலமும் என் பேர்லயே இருக்கு, உயில்ல பொண்ணுக்கும் பையனுக்கும் எழுதியாச்சு. பேங்க் கணக்கு ரெண்டு பேர் பேர்லயும், யார் ஒருத்தர் கையெழுத்து போட்டாலும் செல்ற மாதிரி மாத்தியாச்சு. கையெழுத்து போட்ட அன்னைக்கு டாக்டர்கிட்ட 'தெளிவா இருக்கார்'னு ஒரு சான்றிதழும் வாங்கி அதே பெட்டியில போட்டுட்டேன். தாத்தாவுக்கு இல்லாத அந்தத் துண்டுக் காகிதம்!

"நல்லாத்தானே இருக்கீங்க, இப்ப எதுக்கு இதெல்லாம்?"னு வீட்டுல அழுதா. நல்லா இருக்கிறப்பதான் முடியும்னு சொன்னேன். அவளும் தன் பேருக்கு வந்ததுக்கு உயில் எழுதணும்னு சொல்லியிருக்கேன். இன்னும் பதில் வரலை.

உங்க வீட்டுல பவர் எழுதி வெச்சிருந்தா, கொடுத்தவர் இன்னைக்கு எப்படி இருக்கார்னு ஒரு தடவை பாருங்க. தெளிவா இருந்தா இந்த வாரமே நல்ல வக்கீலா பார்த்து, அவரையும் கூட உட்கார வெச்சுப் பேசுங்க. ஒவ்வொரு வீட்டு விஷயமும் வேற வேற, என்னோடதை அப்படியே பார்த்து எழுதாதீங்க. தெளிவு போயிட்டா ரேகை வெக்கிற யோசனை சொல்றவங்களை வாசலோட அனுப்பிடுங்க.

தெலுங்குப் பத்திரத்தை என்ன பண்றதுன்னு அண்ணன் கேட்டார். இருக்கட்டும்னேன். அடுத்த பதிவுல கடலை எவ்வளவு வந்ததுன்னு எழுதறேன்.